குற்றாலத் தண்ணிக்கும் கடலாமைக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

தென்காசிச் சந்தையில் நின்று கடலாமை என்று பேச்செடுத்துப் பாருங்கள். "அண்ணாச்சி, கடலுக்கும் நமக்கும் நூறு கிலோமீட்டர் இருக்கு. சாரல் எப்ப விழும், அருவியில தண்ணி எப்ப கொட்டும்னு எழுதுங்க, படிக்கோம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2019 நவம்பர் 22-ம் தேதி தென்காசி தனி மாவட்டமானபோது மலை வந்தது, அருவி வந்தது, வயல் வந்தது. ஒரு சாண் கடற்கரைகூட வரவில்லை. ஆனால் மெயின் அருவியில் நம் தலையில் விழுந்த தண்ணீர் அடுத்து எங்கே போகிறது, தெரியுமா?

சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வயலுக்கும் குளத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் தாண்டி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. அந்த வளைகுடாவின் அடியில் கடற்புல்லைக் கடித்து மேய்ந்துகொண்டிருக்கிறது, நூறு கிலோவுக்கு மேல் எடை போடும் பேராமை!

உலகத்தில் இருப்பதே மொத்தம் 7 வகைக் கடலாமைகள்தான். அதில் 5 இந்தியக் கடலில் உண்டு. அந்த ஐந்தும் தமிழ்நாட்டுக் கடலுக்கு வந்து போகின்றன: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை. மாட்டுக்கும் மீனுக்கும் வகைவகையாய்ப் பெயர் வைக்கிற ஊர், ஆமையை மட்டும் விட்டுவிடுமா?

இதில் தோணியாமை ஒரு தனிப்பிறவி. முதுகில் ஓடு கிடையாது. தடித்த தோலும் நீளவாக்கில் ஏழு வரிகளும்தான். 1988-ல் பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரையில் ஒரு தோணியாமை செத்து ஒதுங்கியது. எடை போட்டார்கள். 916 கிலோ! ஆயிரம் மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும் உயிர் இது, ஆனால் சாப்பாடு என்னவோ வெறும் சொறிமீன்தான். வழுக்கும் சொறிமீன் வெளியே நழுவிவிடாமல் இருக்க, தொண்டைக்குள் முள்முள்ளாய் உள்நோக்கி வளைந்த கூர்முனைகள். வாயைத் திறந்த படத்தை இரவில் பார்க்காதீர்கள். சின்ன அந்தமானில் முட்டையிட்ட தோணியாமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள் நம் ஆய்வாளர்கள். அதில் ஒன்று ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரை போயிருக்கிறது.

அழுங்காமை விஷயம் வேறு. அதன் ஓட்டில்தான் ஒரு காலத்தில் சீப்பும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். அது தின்பது பவளப்பாறையில் வளரும் கடற்பஞ்சு. அந்தப் பஞ்சுகளில் சில விஷம்; உள்ளே கண்ணாடி ஊசி மாதிரி சிலிக்கா இழை வேறு. ஆமைக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த ஆமையைத் தின்ற மனிதனுக்கு ஆகிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அழுங்காமைக் கறி சாப்பிட்டுச் செத்தவர்கள் தென் கடலோரத்திலும் உண்டு.

ஆமைக் கறியா என்று முகம் சுளிக்கிறீர்களா? 1960-களில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 ஆமைகள் பிடிபட்டதாக அன்றைய மீன்வள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் பேராமைகள். தூத்துக்குடியில் ஆமை அறுக்கும்போது பச்சை ரத்தத்தை டம்ளரில் பிடித்துக் குடிப்பதற்கென்றே ஆள் நிற்குமாம், உடம்புக்கு நல்லது என்று. இலங்கைக்கு உயிரோடு கப்பலேறிய ஆமைகளும் உண்டு. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் மெல்ல மெல்ல இதற்கு முடிவு கட்டியது. இன்று இந்தியக் கடலில் இருக்கும் ஐந்து வகையும் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் பங்குனி ஆமைக்கும்.

சரி, இந்தப் பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும்?

நள்ளிரவு. அலையை விட்டு நாற்பது கிலோ உடம்பை இழுத்து இழுத்து மேலே வருகிறது. ஈர மணலில் அதன் தடம் டிராக்டர் டயர் போன வழி மாதிரியே இருக்கும். அலை எட்டாத மணலுக்கு வந்ததும் முன்கால் துடுப்புகளால் மேல்மணலை வாரி வீசுகிறது. பிறகு வேலை முழுக்கப் பின்கால்களுக்கு. இடது துடுப்பை உள்ளே விட்டு ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும். வலது துடுப்பு தன் முறைக்குக் காத்திருந்து மிச்ச மணலைத் தட்டிவிட்டு உள்ளே போகும். மாற்றி மாற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய் குறுகி அடி அகன்ற குடுவைக் குழி ஒன்று தயார்! அதில் இரண்டும் மூன்றுமாய் நூறு முட்டைக்கு மேல் விழுகின்றன. மேலே மூடியபின் நடப்பதுதான் வேடிக்கை. உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு, அடிவயிற்றால் மணலைத் தொம் தொம் என்று இடித்து இறுக்குகிறது. கடலாமைகளிலேயே இந்த ஆட்டம் ஆடுவது பங்குனி ஆமையும் மெக்சிகோ பக்கத்து அதன் சொந்தக்கார ஆமையும் மட்டும்தான். எல்லாம் சுமார் ஒரு மணி நேரம். பிறகு கடலுக்குள் போய்விடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை.

கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்துப் பிரசவ வலியில் அழுகிறது என்பார்கள். இல்லை. கடல்நீரையே குடித்து வாழும் உயிர், உடம்பில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் அதே வேலைதான், நமக்குத் தெரிவது கரைக்கு வந்தபிறகு.

இதையெல்லாம் வெள்ளைக்கார விஞ்ஞானிகள் வந்துதான் சொன்னார்கள் என்று நினைத்தால், அகநானூற்றின் 160-ம் பாட்டைத் தேடிப் பாருங்கள். குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் நிறைந்த ஆமை அடும்பங்கொடி படர்ந்த வெண்மணலுக்கு வந்து, புலால் நாறும் முட்டைகளை யாருக்கும் தெரியாமல் புதைத்து வைப்பது அதில் அப்படியே இருக்கிறது. இடம், கொடி, முட்டையின் வாடை என்று எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில்தான் இடறுகிறது. குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் இருக்குமாம். நிஜத்தில் ஆண் பங்குனி ஆமை பிறந்த அன்று கடலுக்குள் இறங்கியதோடு சரி, பிறகு கரை ஏறுவதே கிடையாது. கணவன்மார் மேல் புலவருக்கு இருந்த நம்பிக்கையை நாம் கெடுப்பானேன்.

அடுத்து, முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது யார், தெரியுமா? மணல்! சூடு சுமார் 29 டிகிரியைச் சுற்றி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண், கீழே இறங்க இறங்க ஆண். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டில் வளரும் இளம் பேராமைகளைச் சோதித்து 2018-ல் ஒரு முடிவு வெளியானது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண். பூமி சூடாவதை வெப்பமானி இல்லாமலே ஆமைகள் அளந்து காட்டிவிட்டன.

முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பவர்களுக்கும் ஒரு ரகசியம் தெரியும். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் உள்ளே செத்துவிடும். அதனால்தான் இரவோடு இரவாக நடக்கிறார்கள். தடத்தைப் பின்தொடர்ந்து போய், குச்சியை மெதுவாக மணலில் இறக்கி, எங்கே லேசாக உள்வாங்குகிறதோ அங்கே கையால் தோண்டுகிறார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி வெட்டிப் புதைத்தால், 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். கூட்டமாகத்தான் வரும். ஒன்று மேல்மணலைத் தள்ள, சரிந்த மணலை அடியில் இருப்பவை மிதித்துக் கெட்டிப்படுத்த, கூட்டமே படிப்படியாக ஏறுகிறது.

மேலே வந்த குஞ்சு வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் கடல்தான் வெளிச்சமான பக்கம். இப்போது சோடியம் விளக்கும் ரிசார்ட்டும்தான் வெளிச்சமான பக்கம். மீதிக் கதை உங்களுக்கே தெரியும். தப்பிக் கடலில் இறங்குவதிலும் ஆயிரத்தில் ஒன்று பெரிதானால் அதிர்ஷ்டம் என்பார்கள்.

அந்த ஒன்று, பல ஆண்டுகள் கழித்து, தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிட வருகிறது! வழி காட்டுவது யார்? பூமியின் காந்தப்புலம். அமெரிக்காவில் கென்னத் லோமன் என்ற ஆய்வாளர் குஞ்சுகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றிலும் மின்சுருள் வைத்துக் காந்தப்புலத்தை மாற்றிப் பார்த்தார். புலம் மாறினால் குஞ்சுகள் நீந்தும் திசையும் மாறியது.

ஆனால் ஆமை விதியை மதிக்கும் என்று யார் சொன்னது? 2021-ல் ஒடிசாவில் ஒரு பங்குனி ஆமைக்கு 03233 என்ற எண்ணுள்ள வில்லை மாட்டினார்கள். அதே ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் இருந்தது மேற்குக் கரைக்கு எப்படிப் போகும்? நம் தென்கோடிக் கடலைச் சுற்றித்தான் போக வேண்டும். குமரிமுனையில் சூரிய உதயம் பார்க்க நின்ற கூட்டத்துக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஒடிசாவைப் பற்றி ஒரே வரி: 2025-ல் ருஷிகுல்யா கடற்கரையில் மட்டும் சில நாட்களில் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் ஏறின. அது அவர்கள் பெருமை, அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

நம் பெருமைக்கு வருவோம். கடலாமைக்காக மக்கள் இரவில் கடற்கரையில் நடந்து முட்டை தேடும் வழக்கம் இந்தியாவில் எங்கே தொடங்கியது? சென்னையில்! 1970-களின் தொடக்கத்தில், கிண்டிப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் தொடங்கியது. 1988-ல் அதைக் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அப்படித்தான் உருவானது. அன்று நடந்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் நாட்டின் முன்னணிக் கடலாமை விஞ்ஞானிகளில் ஒருவரானார்.

அந்தப் பாம்புப் பண்ணைக் கூட்டத்தில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். ஐஐடி மெட்ராஸில் படிக்க வந்தவர், கடலைப் பார்த்துப் படிப்பை மறந்தவர். ஆமைத் தடம் தேடி இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். 1982-ல் லட்சத்தீவின் சுஹேலி வலியகரை என்ற ஆளில்லாத தீவில், மழைக்காலத்தில், படகே வராத ஐந்து மாதம், தன்னந்தனியாகத் தங்கினார், பேராமைகளை எண்ணுவதற்கு. மனைவிக்குக் கடிதம் எழுதுவது எப்படி? பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கடலில் வீசினார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. எடுத்த மீனவர் சும்மா இருக்கவில்லை. தானும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்துத் தபாலில் போட்டார். வீசிய 24 நாளில் கடிதம் மனைவி கையில்! இன்றைக்குச் சில கூரியர் கம்பெனிகளைவிட அந்தக் கடல் பரவாயில்லை.

இன்னொருவர் விஜயா. எல்லோருக்கும் விஜி. 1959-ல் பிறந்தவர், கல்லூரி மாணவியாகப் பாம்புப் பண்ணைக்குள் நுழைந்தவர், இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று பேரெடுத்தவர். தென்காசிக்காரர்கள் இந்தப் பெண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். காரணம் இரண்டு.

ஒன்று கடலில். 1981-82 குளிர்காலத்தில் மேற்கு வங்கத்தின் திகா கடற்கரைக்குப் போனார். அங்கே பங்குனி ஆமைகள் மலைமலையாய் மல்லாத்திப் போடப்பட்டு, லாரி லாரியாகக் கறிக்குப் போய்க்கொண்டிருந்தன. கேமராவோடு போன அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் எடுத்த படங்கள் 1982 தொடக்கத்தில் 'இந்தியா டுடே'யில் வந்தன. பார்த்த பிரதமர் இந்திரா காந்தி, ஆமைகளைக் காக்கக் கடலோரக் காவல் படைக்கு உத்தரவிட்டார்.

இரண்டாவது மலையில். பிரம்பு ஆமை என்று ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும். ஆறு, குளம் வேண்டாம். காட்டுச் சருகுக்குள் ஒளிந்து நத்தையும் பழமும் தின்று வாழும். முகம் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூசி வைத்ததுபோல் இருக்கும். 1912-ல் ஹென்டர்சன் என்பவர் கொச்சிச் சமஸ்தானக் காட்டில் கிடைத்ததை வைத்து விவரித்தார். பிறகு எழுபது ஆண்டுகள் எந்த விஞ்ஞானி கண்ணிலும் படவில்லை! 1982-ல் சாலக்குடிக் காட்டில், காடர் பழங்குடியினர் துணையோடு விஜி அதை மறுபடி கண்டுபிடித்தார். அங்கேயே ஒரு குகையில் குடியிருந்து அதன் வாழ்க்கையைக் குறித்து வைத்தார். 1987-ல் காட்டிலேயே அவர் உயிரும் போயிற்று. வயது 28. 2006-ல், உலகில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயகெலிஸ் என்று பெயரிட்டார்கள். குற்றால மலை அதே தொடரின் ஒரு துண்டுதானே.

இன்னொரு உள்ளூர்ச் சேதி. அதே மலைத்தொடரில் திருவிதாங்கூர் ஆமை என்றொரு தரை ஆமையும் இருக்கிறது. 1907-ல் அதற்குப் பெயர் வைத்தபோது நம் செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது! 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்துவிட்டது, ஆமை பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இனப்பெருக்க காலத்தில் ஆணுக்குக் கண்ணைச் சுற்றி ரோஸ் நிறம் ஏறும். ஓட்டோடு ஓடு மோதிச் சண்டையும் போடும்.

இனி மனசு கனக்கும் சேதி. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர்க் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் சொன்னது, மூச்சுத் திணறல் என்று. ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். சும்மா படுத்திருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். விசைப்படகின் இழுவலையில் மாட்டிப் பதறினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டது.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பி இடுக்கில் உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். நம் நாட்டு வலைக்கு ஏற்றபடி கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றைச் செய்தும் வைத்திருக்கிறது. இதன் மூலவடிவத்தைக் கண்டுபிடித்தவர் யார், தெரியுமா? சிங்கி பூன் என்ற அமெரிக்க இறால் மீனவர், 1960-களின் கடைசியில். அதுவும் ஆமைக்காக இல்லை, வலையை அடைத்த சொறிமீனைத் துரத்த! அந்தக் கம்பிச் சட்டம் உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதுகிற அளவுக்குப் போய் 1998-ல் தீர்ப்பானது. 2019-லிருந்து இந்தியக் கடலில் வலைபோட்டுப் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. காரணம் ஆமைதான். மீனவருக்கு மீன் கொஞ்சம் நழுவும் என்ற பயம். அந்த நஷ்டத்தை யார் தருவது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதைக் கேட்காததுபோல் ஆமைப் படம் மட்டும் போடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குற்றாலத்துக்குத் திரும்புவோம். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டும், சீசன் முடிந்தால் பாறை இடுக்கில் என்ன கிடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஷாம்பு சாஷே, குட்டிக் குட்டியாய், நூற்றுக்கணக்கில். பெரும்பகுதி வழியில் அணைக்கட்டிலும் குளத்திலும் தங்கும். வெள்ளம் வரும் ஆண்டில் தங்காது. கடலில் விழுந்த பிளாஸ்டிக்கை ஆமை தின்பது ஏன்? சொறிமீன் என்று கண் ஏமாறுவது பாதிதான். 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சில வாரம் கடலில் ஊறிய பிளாஸ்டிக்கின் வாடையை மட்டும் பெருந்தலை ஆமைகளுக்குக் காட்டினார்கள். சாப்பாட்டு வாடைக்கு எப்படி மூக்கை நீட்டுமோ அப்படியே நீட்டின! ஊறிய பிளாஸ்டிக்கில் பாசியும் நுண்ணுயிரும் படிந்து, ஆமை மூக்குக்கு அது சாப்பாடாகவே மணக்கிறது.

ஆமையை நேரில் பார்க்க ஆசையா? செங்கோட்டையில் மாலை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், காலையில் எழும்பூர். ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் அந்த மாணவர் குழு பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் நடக்கிறது. டார்ச் கூடாது, பிளாஷ் கூடாது, ரீல்ஸ் எடுப்பவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கவும். செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆமை வந்தால் அதன் முன்னால் போய் நிற்காமல் பின்பக்கமாக உட்காருங்கள். வராமலும் போகலாம், விடிய விடிய நடந்தும் ஒரு தடம்கூடக் கிடைக்காத இரவுகள் நிறைய. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், பொதிகையில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.